கொத்சுவுக்கு ஒரு சாசனம்

அன்புள்ள அத்தைக்கு,

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பையனுக்குப் பள்ளிக்கூடம் விட்டதே ஜூலையில்தான்.

பாரிசில் லா சப்பேல் தெருக்கள் இருக்கும்வரை பிரான்சில் இருக்கிற நினைப்பே நமக்கு வராது. முருங்கைக்காய் முதல் கருவாடு வரை எல்லாம் கிடைக்கும். அதனால், "இந்த லீவுக்கு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாப்பாடுதான்" என்று உத்தரவு போட்டேன். இவர் தலையை ஆட்டிவிட்டு, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

முதலில் நீஸ். அங்கே சொக்கா என்று ஒன்று விற்கிறார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். "பஜ்ஜி மாவைக் கரைச்சுட்டு வாழைக்காயை மறந்துட்டாங்க" என்றார் இவர். ஆனால் மறுபடி வரிசையில் போய் நின்றதும் இவர்தான்.

தங்கியிருந்த வீட்டம்மாள் ஒரு நாள் ரத்தத்தூய் செய்து வைத்தார். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சுக்கினி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணெயில் வதக்கிப் பிறகு சேர்க்கிறார்கள். புளி கிடையாது, பெருங்காயம் கிடையாது, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் கிடையாது. "எங்கள் ஊரில் கத்தரிக்காய்க் கொத்சுவைச் சம்பா சாதத்தோடு நடராஜருக்கே படைப்பார்கள்" என்றேன். தன் சமையலைப் புகழ்கிறேன் என்று நினைத்து, இன்னும் இரண்டு கரண்டி போட்டுவிட்டார்.

அடுத்து சென் துரோப்பே. துறைமுகத்தில் கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனின் சிலை நிற்கிறது. 1783 ஜூன் 20-ல் நம் கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரோடு சண்டை போட்டவர். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்துவிட்டார்களாம். கடலூருக்குச் சேதி வந்து சேர்வதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. சுஃப்ரேன் சாப்பாட்டுப் பிரியர், ஆளும் நல்ல பருமன். "கடலூர் முதுநகர் மீனைத் தின்னிருப்பார், அதான் உடம்பு" என்று இவர் சொந்தம் கொண்டாடினார்.

கடைசியாக மார்சேய், அங்கே புயாபேஸ் என்கிற மீன் குழம்பு. விலைபோகாத பாறை மீன்களைப் படகுக்காரர்கள் கொதிக்கவைத்துக் குடித்ததுதான் இது. இப்போது குங்குமப்பூ போடுகிறார்கள். 1980-ல் ஓட்டல்காரர்கள் கூடி ஒரு சாசனமே எழுதிவிட்டார்கள்: பட்டியலில் உள்ள மீன்களில் குறைந்தது நான்கு வகை இருக்க வேண்டும், சாப்பிடுகிறவர் கண்முன்னே துண்டு போட வேண்டும். முதலில் சாறு வந்தது, பூண்டு அரைத்துத் தடவிய ரொட்டியோடு. மீன் வேறு தட்டில். "ஒண்ணா கொதிச்சதை ஏன்டி பிரிச்சு வைக்கிறாங்க?" என்று இவர் கேட்டது பக்கத்து மேசைக்குப் புரியாதது நல்லதாயிற்று. விலையைப் பார்த்ததும், "இந்தக் காசுக்கு முதுநகர்ல கூடை மீனும் கூடைக்காரம்மா ஆசீர்வாதமும் கிடைக்கும்" என்று பெருமூச்சு விட்டார். பிறகு நார்த்தங்காய் வெளியே வந்தது. பரிமாறியவர் எட்டிப் பார்த்தார். ஒரு துளி நாக்கில் வைத்தவர், சாசனத்தை மறந்து இன்னொரு துளி கேட்டார்.

எனக்கு ஒரு யோசனை அத்தை. இங்கே ஏழைச் சாப்பாட்டைக்கூட ஊர்ப்பெயரோடு, கௌரவத்தோடு வைத்திருக்கிறார்கள். நாமும் சிதம்பரம் கொத்சுவுக்கு ஒரு சாசனம் எழுதிவிடுவோம். என்ன கத்தரிக்காய், பொடியில் என்னென்ன, எந்தப் பதத்தில் இறக்குவது என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். முதல் கையெழுத்து உங்களுடையது, இரண்டாவது சின்ன அத்தையுடையது. வெல்லம் போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். மார்சேய் ஓட்டல்காரர்களே ஒத்துப்போயிருக்கிறார்கள்!

உங்கள் அன்பு மருமகள்,
பாரிஸ்

பி.கு.: நார்த்தங்காய் தீர்ந்துவிட்டது. யாராவது புறப்பட்டால் கொடுத்தனுப்புங்கள். இவர் கேட்கச் சொல்லவில்லை என்று சொல்லச் சொன்னார்.