படத்துக்கு ஒரு குத்தகைச் சீட்டு

திட்டக்குடியில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். நன்செய், புன்செய், மனைக்கட்டு என்று ஊரார் சொத்துக்கெல்லாம் நான்கு எல்லை எழுதிக் கொடுத்தவனுக்குச் சொந்த ஆஸ்தி என்று சொல்லிக்கொள்ள இருப்பவை 412 சினிமாப் படங்கள். சொத்து விவரம்: கிரைண்டருக்கு வடக்கு, சாமி அலமாரிக்குத் தெற்கு, டிவி ஸ்டாண்டுக்குக் கிழக்கு, அம்மாவின் கட்டிலுக்கு மேற்கு. இந்த நான்கு எல்லைக்குள் ஒரு பழைய லேப்டாப், அதில் சொருகிய 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. லேப்டாப்பின் விசிறி வழியாக வருஷத்துக்கு ஒரு பிடி விபூதி உள்ளே போகிறது. அதனால்தான் இன்னும் ஓடுகிறது என்பது அம்மாவின் கட்சி.

இதற்கு ஹோம் மீடியா சர்வர் என்று பெயர். படங்களையெல்லாம் ஓரிடத்தில் போட்டு வைத்தால், வீட்டு வைஃபையில் டிவி, போன் எதில் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுவரொட்டி, நடிகர் பெயர், வெளியான வருஷம் எல்லாவற்றையும் அதுவே தேடி ஒட்டிக்கொள்ளும். இந்த விளக்கத்தை அம்மாவிடம் அரைமணி நேரம் சொன்னேன். கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரம்மாவிடம், "எம்புள்ள வீட்டுக்கே சர்வர் வச்சிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா மறுநாள் வந்து, "சம்பளம் எவ்வளவு? சாப்பாடு நம்ம வீட்லயா?" என்று விசாரித்தார். சம்பளம் கரண்ட் பில்லில் போகிறது என்றேன்.

ஆஸ்தி சேர்ந்த கதை சுருக்கமானது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை இறக்கியது. திருட்டு சிடி விற்ற விலைக்குப் பக்கத்தில் அசல் டிவிடி. விருத்தாசலம் போகும்போதெல்லாம் நான்கைந்து வாங்கி, காய்கறிப் பையில் வெண்டைக்காய்க்கு அடியில் வைத்து வீட்டுக்குள் கடத்தினேன். அந்த நிறுவனம் 2018-இல் கலைப்புக்குப் போனது. என் டிவிடி பிளேயர் அதற்கு முன்பே போய்விட்டது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வட்டாக லேப்டாப்பில் போட்டு, படத்தை உருவி, ஹார்டு டிஸ்கில் இறக்கினேன். கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ் விடுமுறை எல்லாம் இதிலேயே கழிந்தன.

அந்த 412-இல் நான் முழுசாகப் பார்த்தவை 9.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெலிங்டன் ஏரி இருக்கிறது. கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி என்பார்கள். வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூரில் மறித்து அதற்குத் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீரோடு வண்டலும் வந்து சேருவதுதான் அதன் தலைவலி. என் ஹார்டு டிஸ்கும் அதே ஜாதி. ஏரியிலாவது மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும். என்னுடையதில் வரத்து மட்டும்தான், போக்கு கிடையாது.

இந்த நிலையில்தான் 2024 பிப்ரவரியில் அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, நீங்க வச்சிருக்கற மாதிரியே இங்க பிளெக்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள இப்ப கடை தொறந்துட்டாங்க. நம்ம படத்துக்குப் பக்கத்துலயே வாடகைப் படமும் வந்து நிக்குது."

"எவ்வளவாம்?"

"நாலு டாலர்லேருந்து. எடுத்து முப்பது நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா நாப்பத்தெட்டு மணி நேரத்துல முடிச்சிடணும்."

பிளெக்ஸ், எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருளிலிருந்து கிளைத்தது. அதாவது சொந்தச் சரக்கைச் சொந்தமாக அடுக்கி வைத்துக்கொள்பவர்களின் அலமாரி. அந்த அலமாரிக்கே கடை வந்துவிட்டது. அப்போது அமெரிக்காவில் மட்டும் திறந்திருந்தார்கள். "சொந்த வீட்டுத் திண்ணையை வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கு மாமா" என்று அவன் குறைப்பட்டான். எனக்கோ தொழில்புத்தி வேறு பக்கம் ஓடியது. நாற்பத்தெட்டு மணி நேரம் என்றானே, அது அல்லவா சமாச்சாரம்.

கிரயப் பத்திரம் என்றால் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று எழுதுவோம். எழுதி வாங்கியவர் அதன்பிறகு அந்த நிலத்தின் பக்கமே எட்டிப் பார்க்காமல் போவதுண்டு. கருவேலம் மண்டிக் கிடக்கும். குத்தகை எடுத்தவன் அப்படி விடமாட்டான். கெடு இருக்கிறதே! பொழுது விடியுமுன் வரப்பில் நிற்பான். என் 412-ம் கிரயம். கருவேலம் மண்டிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. டிஜிட்டல் கடைகளில் 'வாங்கு' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கிரயம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நிபந்தனைகளை ஒரு பத்திர எழுத்தனின் கண்ணோடு படித்துப் பார்த்தேன். அது கிரயம் அல்ல, அனுமதிச் சீட்டு. கடைக்காரருக்குப் பட உரிமை போனால் நம் அலமாரியிலிருந்தும் படம் போய்விடலாம். இதனால்தான் கலிபோர்னியா மாநிலத்தில், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது என 2025 ஜனவரி 1 முதல் சட்டமே வந்துவிட்டது. வில்லங்கச் சான்று பார்க்காமல் வாங்காதே என்று நான் முப்பது வருஷமாகத் தொண்டை வறளச் சொல்வதை, அங்கே சட்டமன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் படக்கடை என்பது நமக்கும் புதிதில்லை. 2013-இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைக் கொட்டகைக்கு வருமுன்பே டிடிஎச்சில் 1,000 ரூபாய்க்குக் காட்ட முயன்றார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. 2015-இல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று ஆரம்பித்து, தன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்தார். அதுவும் நிலைக்கவில்லை. கேரள அரசு 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று சொந்தமாகவே தளம் திறந்து, பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய் கட்டச் சொன்னது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி எங்கள் ஊர் டெக் வாடகைக் கடை. எண்பதுகளில் ஆளுக்கு ரெண்டு ரூபாய் வசூல் போட்டு, டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் எடுப்போம். போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து, கைக்குழந்தையைப் போல இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு வருவோம். படத்தில் கோடு விழுந்தால் கடைப்பையன் டெக்கின் மூடியைக் கழற்றி, வெள்ளைத் தாளில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பான். அந்த வாசனை வந்தால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். விடிந்ததும் ஆறு மணிக்கு டெக் கடையில் இருக்க வேண்டும். அதனால் மூன்று படத்தையும் பார்த்தோம். மூன்றாவது படம் எவ்வளவு மோசமானாலும் பார்த்தோம். கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பார்த்தோம். சோகப் படம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, என் சர்வரிலும் கடை வைப்பது என்று முடிவெடுத்தேன். மென்பொருளில் கை வைக்கத் தெரியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன்: படத்தின் பெயர், எடுத்தவர், எடுத்த நேரம், கெடு. வாடகை 5 ரூபாய், அவகாசம் 48 மணி. தவணை தப்பினால் அந்தப் படம் ஒரு வருஷத்துக்கு மறைத்து வைக்கப்படும். வசூலுக்கு உண்டியல். வீட்டார் முன்னிலையில் நிபந்தனைகளை உரக்கப் படித்தேன்.

"சாட்சிக் கையெழுத்து யாருப்பா?" என்று மகள் கேட்டாள். கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டாள்.

அம்மா, "எனக்கு வேண்டியதெல்லாம் டிவில சும்மாவே போடுறான் தம்பி. நடுவுல விளம்பரமும் போடுறான். அப்பத்தான் நான் எழுந்து பாத்ரூம் போவ முடியும்" என்றார். இவ்வளவு தெளிவான வாடிக்கையாளரிடம் என்ன பேசுவது?

மிச்சம் மனைவி. அவள் ஒரு படத்தின் பெயரைச் சொன்னாள். போன வருஷம் வந்த படம்.

"அது இல்லம்மா. இதுல இருக்கறதுல ஒண்ணு கேளு."

"ஏங்க, நானூத்திப் பன்னண்டு படம் இருக்கு, நான் கேக்கறது இல்லன்னா இது என்னங்க கடை? எதக் கேட்டாலும் தீந்துபோச்சுன்னா அது ரேஷன் கடை."

சொன்னவள் தன் போனிலேயே அந்தப் படத்தை வாடகைக்கு எடுத்தாள், சொந்தக் காசில். அதை டிவியில் போட்டாள். "நிறுத்தினா மறந்துபோவும், காசு வீணாயிடும்" என்று சாம்பாரைக்கூட இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மகளும் வந்து தரையில் சாய்ந்தாள். நான்கு பேரும் ஒரே படத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை பார்த்தோம். துல்லியமாகச் சொன்னால் மூன்று பேர். இடைவேளைக்குப் பிறகு நடந்ததை நான் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தொழில் முறையில் என் தீர்ப்பு இதுதான். நிலத்துக்குக் கிரயம், படத்துக்குக் குத்தகை. பிடித்த பத்துப் படத்தை மட்டும் வட்டாகவோ கோப்பாகவோ சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க முடியாது. மற்றதற்கெல்லாம் ஒரு கெடு இருக்கட்டும். கெடு இல்லாத படத்தை யாரும் பார்ப்பதில்லை. 403 சாட்சிகள் என் வீட்டில் இருக்கின்றன.

என் கடை இன்னும் மூடப்படவில்லை. நோட்டில் ஒரே ஒரு பதிவு. படம்: 'சர்வர் சுந்தரம்', 1964. எடுத்தவர்: அடியேன். உண்டியலில் 5 ரூபாய் போட்டேன், அதுவும் மனைவியிடம் கைமாற்று. நாகேஷ் வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும், கரண்ட் போனது. அப்புறம் ஒரு முகூர்த்தம், ஒரு பாகப்பிரிவினை. நாளைக் காலை ஆறு மணிக்குக் கெடு முடிகிறது. இன்னும் இரண்டு மணி நேரப் படம் பாக்கி இருக்கிறது.