மலம்புழாவில் பை பார்ப்பவர்: ஒரு முன்னோடி ஆய்வு

மலம்புழா அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 115.06 மீட்டர். தசம புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம் விடாமல் பொறியாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். அணைக்குக் கீழே விரியும் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யட்சி சிலையைப் பற்றிக் கலை விமர்சகர்கள் அரை நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த யட்சிக்குக் கூப்பிடு தூரத்தில், மரத்தடி பெஞ்சில், நாலா பக்கமும் பைகளை அணை கட்டி நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆத்தாவைப் பற்றி ஒரு வரி எழுதியவர் இல்லை. தமிழ் ஆய்வுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் வரையறை. குடும்பத்தோடு புறப்பட்டு, டிக்கெட் எடுத்து உள்ளே வந்து, எதையும் பார்க்காமல் பையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பை பார்ப்பவர் எனப்படுவார். டிக்கெட் எடுத்திருத்தல் இன்றியமையாதது. வாசலிலேயே நின்றுவிடும் வேன் டிரைவர் இதில் அடங்கார். அவர் வண்டியைப் பார்ப்பவர், அதற்குக் கூலியும் பெறுபவர்.

ஆய்வுக் களமாகப் பாலக்காட்டின் கிழக்கு விளிம்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், வேலந்தாவளம் எனச் சித்தூர் தாலுகாவில் கொங்குத் தமிழ் பேசும் ஊர்கள் பல. அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் குடும்பத்துக்குப் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: காலையில் பாலக்காடு கோட்டை, மத்தியானத்துக்குள் மலம்புழா. கோட்டை 1766-இல் ஹைதர் அலி கட்டியது. 1783-இல் கர்னல் ஃபுல்லார்ட்டன் 11 நாள் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார். நம் குடும்பம் அரை மணியில் அதைக் கைவிட்டுவிடுகிறது. அகழியைப் பார்த்தாயிற்று, உள்ளே இருக்கும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டாயிற்று, மதில்மேல் வெயில் ஏறிவிட்டது, பையை இறக்கி வைக்க நிழல் இல்லை. நிழலுக்காக இழக்கப்பட்ட கோட்டைகள் என்று தனி ஆய்வே செய்யலாம், இடம் போதாது.

கோட்டையில் பை பார்ப்பவர் தோன்றுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்க. அங்கே பையை ஆளுக்கொன்றாகச் சுமந்தே திரிகிறார்கள். அவர் தோன்றுவதற்குத் தோட்டம் வேண்டும், பெஞ்சு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்க வேண்டும்.

தோட்டம் எப்படி வந்தது? வெள்ளைக்காரர் நாட்டில் குடும்பங்கள் விடுமுறைக்குப் பிரபுக்களின் பழைய மாளிகைக்குப் போய், அவர்கள் வைத்துவிட்டுப் போன தோட்டத்தில் உலாவும். நம் பக்கம் பிரபுவின் இடத்தைப் பொதுப்பணித் துறை எடுத்துக்கொண்டது. மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில், காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியில் பிருந்தாவனத்தை அமைத்தார். 1932-இல் அது முடிந்தது. அதன்பின் அணை என்றால் அடியில் பூங்கா என்பது தென்னாட்டில் எழுதாத சட்டம். வைகை அணையில் பூங்கா, ஆழியாற்றில் பூங்கா, மலம்புழாவிலும் பூங்கா. முகலாயர் தோட்டத்துக்கும் நம் தோட்டத்துக்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு: பாதுஷாவின் பொருள்களைப் பார்த்துக்கொள்ள ஆள்கள் இருந்தார்கள். ஆத்தா அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவர் என்று ஒரு சாரார் கூறுவர். அது பொருந்தாது, ஆத்தாவைப் பாதுஷாவாகவும் மற்றவர்களை ஆள்களாகவும் கொண்டாலும் காட்சி மாறுவதில்லை.

அணை வேலை தொடங்கியது 1949-இல், சென்னை மாகாண ஆட்சியில். அன்று பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1955 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் காமராஜர் அணையைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் கேரளம் பிறந்து, அணை, தோட்டம், டிக்கெட் கவுண்டர் மூன்றும் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்த வரலாறு ஆத்தாக்களுக்கு நன்றாகவே தெரியும். "காமராசர் கட்டுன டேமுக்கு நம்மகிட்டயே காசு வாங்கறாங்களா?" என்ற கேள்வி கவுண்டரின் முன்னால் எழுப்பப்படுவதை ஆய்வாளனாகிய நான் கேட்டிருக்கிறேன். உள்ளிருந்தவர் மலையாளத்தில் சிரித்தார்.

இனிப் பை. குடும்பம் ஒரு நாளுக்குத்தான் கிளம்புகிறது. பைகள் ஒரு வாரத்துக்குக் கிளம்புகின்றன. கட்டைப்பையில் புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். தூக்குப்போசியில் இட்லி, அது காலைக்கு எடுத்தது, காலையில் யாரும் சாப்பிடவில்லை. சுருட்டிய பாய். பிளாஸ்க். குழந்தைக்கு மாற்றுத் துணி, மாற்றுத் துணியும் நனைந்தால் போட இன்னொன்று. யார் கேட்டாலும் உடைமையாளர் வெளிவராத ஒரு மஞ்சள் பை. அடியில் ஒரு ஸ்வெட்டர். பாலக்காட்டு வெயில் மார்ச் மாதத்தில் நாற்பது பாகையைத் தொடுவது. அங்கே ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டால் "டேம் காத்து ஆகாது" என்பது விடை. கணவாய் வழி வரும் காற்றைப் பற்றி வானிலையாளர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுதான், ஸ்வெட்டரை மட்டும் அவர்கள் குறிப்பிடவில்லை.

சோற்றைச் சாப்பிட்டபின் பை இலேசாகும் என்று இயற்பியல் படித்தவர்கள் நினைப்பார்கள். ஆகாது. காலியான இடத்தில் நனைந்த துணி ஏறும், நேந்திரங்காய் சிப்ஸ் ஏறும், சாவி கொடுத்தால் ஓடாத பொம்மைக் கார் ஏறும். எடை அழிவதில்லை, ஒரு போசியிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது, அவ்வளவே.

யார் பை பார்ப்பவர் ஆகிறார்? இதில் தேர்தலும் இல்லை, கட்டாயமும் இல்லை. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், ஒரு மௌனம், எல்லார் கண்ணும் பைகளின் மேல். அப்போது, "எனக்கு முட்டி வலிக்குது கண்ணு, நீங்க போயிட்டு வாங்க" என்று குரல் கேட்கிறது. அதே முட்டி பழனி மலையில் படியேறும்போது வலிப்பதில்லை என்பது பல குடும்பங்களில் உறுதிசெய்யப்பட்டது. ஆத்தா வராத குடும்பங்களில் பதவி அப்பச்சிக்குப் போகிறது. அவர் தினத்தந்தியைக் கையோடு கொண்டுவருகிறவர், பையை விடச் செய்தியைக் கூடுதலாகப் பார்ப்பவர்; ஒரு தயிர்ச்சோற்றுப் பொட்டலம் குரங்கின் வசமானதற்கு அவரே நேர்ப்பொறுப்பு. கல்யாணமான புதிதில் மருமகனிடம் யாரும் பையை ஒப்படைப்பதில்லை. ஒப்படைக்கும் நாளில் அவர் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார் என்று கொள்க.

இலக்கண நோக்கில் பார்த்தால் சிக்கல் ஒன்று எழுகிறது. பின்னால் மேற்குத்தொடர்ச்சி மலை. ஆகவே நிலம் குறிஞ்சி. அணைநீர் பாய்வது பாலக்காட்டு நெல்வயலுக்கு, ஆகவே மருதம். ஆத்தா செய்வதோ இருத்தல். தொல்காப்பிய உரையாசிரியர்கள் அதை முல்லைக்குத் தந்திருக்கிறார்கள். மூன்று திணையும் ஒரு பெஞ்சில் மயங்குகின்றன. போனவர்கள் வருவோம் என்ற நேரத்தில் வராமையும், வரும் வழியையே பார்த்திருத்தலும் முல்லைக்குரியவையே. முல்லைத் தலைவி மட்டும் பேரன் ஐஸ்கிரீமைச் சட்டையில் ஊற்றிக்கொண்டிருப்பானோ என்று கவலைப்பட்டதில்லை.

யட்சிக்கு வருவோம். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் வடித்த சிலை அது. ஆடையில்லாமல், தலையை அண்ணாந்து, கால் நீட்டி உட்கார்ந்திருப்பவள். அவளைக் கடக்கும் இருபதடிக்குள் குடும்பத் தலைவர்களுக்கு மலைமேல் திடீர்ப் பற்று வருகிறது: "அங்க பாரு, மேகம்!" அம்மாக்களின் நடை வேகம் கூடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவேண்டிய சத்தத்தில் கேட்கிறது. போட்டோ மட்டும் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், ஓரமாக நின்று. அந்தப் போட்டோவைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்து காட்டியபோது ஓர் ஆத்தா நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவளுமு உக்காந்தேதான் இருக்கறா. அவகிட்ட யாரு பையைக் குடுத்துட்டுப் போனாங்களோ" என்றார். கானாயியைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதற்கு இணையானதை நான் படிக்கவில்லை.

ஒப்பீட்டுக்காக இடுக்கி. அங்கே 168.91 மீட்டர் உயரத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து நிற்கும் அணையை 1976-இல் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஓணம், கிறிஸ்துமஸ் போன்ற நாள்களில் அணையைப் பார்க்கப் பொதுமக்களை விடுவார்கள். ஆனால் செல்போனும் கேமராவும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே அங்கே பை பார்ப்பவர் பதவி உயர்வு பெற்று போன் பார்ப்பவரும் ஆகிறார். மடியில் அரை டஜன் போன், ஒன்று அடிக்கிறது, எது என்று தெரியவில்லை, தெரிந்தபின் எடுக்கத் தெரியவில்லை. மேலே போனவர்களோ படம் எடுக்க வழியில்லாமல் அணையையே பார்த்துவிட்டு வருகிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "பெருசா இருந்துச்சு" என்கிறார்கள். வேறு ஆதாரம் அவர்களிடம் இல்லை.

பை பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை என்று மேலே வரையறுத்தது களப்பணியின் பிற்பகலில் ஆட்டம் கண்டது. சங்கதி இது: வேலந்தாவளத்து ஆத்தா இருந்த பெஞ்சுக்கு அடுத்த பெஞ்சில் பொள்ளாச்சி அம்மிச்சி ஒருவர் அதே வேலையாக இருந்தார். குடும்பங்கள் ரோப்வேக்கும், நேக் சந்த் உடைசல்களைக் கொண்டு அமைத்த பாறைத் தோட்டத்துக்கும் போய்த் திரும்புவதற்குள் இருவரும் ஊர், உறவு, நிலத்தின் விலை மூன்றையும் தாண்டி, ஒரு வரனின் ஜாதகம்வரை வந்துவிட்டார்கள். தோட்டத்தில் அன்று நடந்தவற்றில் எதிர்காலம் உடையது அது ஒன்றுதான். பிறகு அம்மிச்சி எழுந்தார். "வாங்க, அந்தச் சிலையைப் பாத்துப்போட்டு வரலாம்" என்றார். ஆத்தா பைகளைப் பார்த்தார், குறிப்பேடும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, சும்மாதான நிக்கறீங்க. கொஞ்சம் பையைப் பாத்துக்குங்க."

முட்டி இரண்டும் நன்றாக மடங்க, இருவரும் விடுவிடுவென்று போனார்கள். பங்கேற்று உற்றுநோக்கல் என்னும் ஆய்வுமுறை இப்படித்தான் தொடங்குகிறது என்று பாடநூல்கள் சொல்வதில்லை. இரண்டு குடும்பத்துப் பைகள், ஒரு பாய், மஞ்சள் பை இரண்டு. காகம் ஒன்று மூன்று முறை வந்தது, மூன்று முறையும் முறியடிக்கப்பட்டது. நான்காம் முறை அதை விரட்டிவிட்டு, சாய்ந்து கிடந்த போசியை நிமிர்த்தி வைக்கும்போது ரோப்வேயிலிருந்து திரும்பிய வேலந்தாவளத்து மாமா என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? எங்க போசில உங்களுக்கு என்ன வேலை?"