சைகஸுக்குத் தாகம் குறைவு

கேள்வி: நாற்றுப் பண்ணைகளில் பனை வகை என்று விற்கப்படும் சைகஸ் உண்மையில் பனைதானா?

பதில்: தோற்றத்தால் மட்டுமே பனை. பனையும் தென்னையும் பூத்துக் காய்ப்பவை; ஜப்பானின் தென்பகுதித் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட சைகஸ் ரெவல்யூட்டாவோ, கனிக்குள் மூடாமல் விதையை வெளியே தாங்கும் திறந்தவிதைத் தாவரங்களைச் சேர்ந்தது என்பதால், பைன் மரத்துக்கே அது நெருங்கிய உறவு. பனை என்று சொன்னவர் பனங்கன்றின் விலைக்கே கொடுத்திருந்தால் அவரை மன்னித்துவிடலாம்.

கேள்வி: நாள்தோறும் தவறாமல் நீர் ஊற்றியும் அடித்தண்டு மெத்தென்று அமுங்குவது ஏன்?

பதில்: தவறாமல் ஊற்றியதே காரணம். தடித்த தண்டில் மாவுப்பொருளைச் சேமித்துக்கொண்டு பாறைப்பாங்கான நிலத்தில் வாழப் பழகிய இத்தாவரம் வறட்சியைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீர் தேங்கிய மண்ணில் வேர் அழுகி, அழுகல் தண்டுக்கு ஏறிய பின்னரும் விறைப்பான இலைகள் நெடுநாள் பச்சையாகவே நிற்பதால், வளர்ப்பவர் செடி நலமென்று எண்ணி மேலும் ஒரு குடம் ஊற்றுகிறார். மணலும் சிறுகற்களும் தாராளமாகக் கலந்த மண், அடியில் துளையுள்ள தொட்டி, மேல்மண் நன்கு உலர்ந்த பிறகே நீர் என்பவை போதும். மண்மட்டத்தில் பவளம்போல் கிளைத்த வேர்கள் தென்பட்டால் நோயென்று அஞ்சி வெட்டக் கூடாது. பவளவேர் எனப்படும் அவற்றினுள் வாழும் சயனோபாக்டீரியாக்கள், அதாவது ஒளிச்சேர்க்கை செய்யவல்ல நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகின்றன.

கேள்வி: வரவேற்பறையில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஒளி குறைந்த இடத்தில் புதிய இலைகள் நீண்டு மெலிந்து தொங்கும், அவ்வளவே.

கேள்வி: வீட்டுச் சைகஸ் ஆணா, பெண்ணா என்பது எப்போது தெரியும்?

பதில்: கூம்பு விடும்வரை தெரியாது; ஆண்செடி நீண்டு நிமிர்ந்த கூம்பையும், பெண்செடி மென்மயிர் போர்த்த சூலிலைகளின் திரளையும் உச்சியில் தாங்கும். அதற்குப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டும். தாவரச் சேகரிப்பாளர் பிரான்சிஸ் மேசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவர, 1775இல் லண்டனின் கியூ பூங்காவைச் சேர்ந்த சைகஸின் உறவினச் செடி ஒன்று 1819இல் கூம்பு விட்டபோது, அதைக் காணத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் நேரில் வந்தார். அச்செடி அங்கே மறுமுறை அந்தச் சிரமத்தை மேற்கொண்டதாகப் பதிவில்லை. தண்டின் பக்கத்தில் முளைக்கும் கன்று தாய்ச்செடியின் பாலையே கொண்டிருக்கும் என்பதும் நினைவிற்குரியது. தென்னாப்பிரிக்காவின் ஒங்கோயே காட்டில் 1895இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்ட, சைகஸின் உறவான என்செபலார்டோஸ் வுடியை இனத்தில் ஆண் மட்டுமே கிடைத்ததால், இன்று உலகப் பூங்காக்களில் நிற்பவை யாவும் அதன் பக்கக்கன்றுகளின் வழிவந்த ஆண்களே. தம் செடியின் கன்றையே அருகில் நட்டு அதற்குத் துணை தேடித் தந்ததாக மகிழ்வோர், அந்த ஆண்கள் கூட்டத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: நாய் வளர்க்கும் வீட்டில் சைகஸ் வைக்கலாமா?

பதில்: எட்டாத இடமிருந்தால் மட்டுமே. செடியின் எல்லாப் பகுதிகளிலும், விதையில் மிகுதியாகவும், கல்லீரலைக் கெடுக்கும் சைகாசின் என்னும் நஞ்சு உள்ளது. ஓரிரு விதைகளை நாய் தின்றிருந்தாலும் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பெண்செடியாயின் விதைகள் உதிருமுன் அகற்றிவிடுவது எளிது.