இரண்டு எஞ்சின் இருந்தும் ஏன் இந்தக் குளிர்?

கேள்வி: போர்க்காலத்தில் பழவேற்காடு ஏரிக்கு மேலே இரட்டை எஞ்சின் விமானங்கள் தாழப் பறந்ததாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கிருந்து வந்தவை ஐயா அவை?
– மீனவர், லைட்ஹவுஸ் குப்பம்

பதில்: சோழவரம் விமானத் தளத்திலிருந்துதான் இருக்கும். 1944-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 27, 47ஆம் ஸ்குவாட்ரன்களின் இரட்டை எஞ்சின் பியூஃபைட்டர் விமானங்கள் அங்கே இருந்தன. அவை போலக் கப்பலைத் தாக்கும் விமானம் தண்ணீரை ஒட்டிப் பறந்து பழகியாக வேண்டும். அதனால் பெரியவர்கள் சொன்னதை நம்பலாம். போருக்குப் பின் அதே ஓடுபாதையில் கார்கள் சீறின. சோழவரம் என்றதும் சென்னைக்காரர்கள் ரேஸைச் சொல்வார்கள். விமானங்களைச் சொல்ல உங்கள் ஊரிலாவது ஆள் இருக்கிறதே!

கேள்வி: ஒற்றை எஞ்சின் போர் விமானத்தில் கதகதப்பு, இரட்டை எஞ்சினில் நடுக்கம் என்று படித்தேன். கணக்கு இடிக்கிறதே?
– கல்லூரி மாணவி, பழவேற்காடு

பதில்: எஞ்சின் எத்தனை என்று எண்ணாதீர்கள், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது பெரும்பாலும் விமானியின் காலுக்கு முன்னாலேயே இருக்கும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அவ்வளவுதான். சூடு கேட்காமலே வரும். மற்றதில் எஞ்சின்கள் இறக்கைக்கு ஒன்றாகப் போய்விட, விமானி நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரிந்தால் நம் வீட்டில் குளிர்காய முடியுமா? குழாய் போட்டுச் சூட்டை இழுத்து வர வேண்டும். வருகிற வழியிலேயே அது ஆறிவிடும்.

அமெரிக்காவின் இரட்டை எஞ்சின் பி-38 லைட்னிங் இதில் படாத பாடு பட்டது. 1943-44 குளிர்காலத்தில் அதன் விமானிகள் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக ஜெர்மனிக்கு மேலே மணிக்கணக்கில் பறந்தார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். 30,000 அடியில் மைனஸ் 45ஐ நெருங்கிவிடும். கை கால் மரத்துப்போய், தரையிறங்கியபின் பிறர் கைத்தாங்கலாக இறக்கிவிட வேண்டியிருந்தவர்களும் உண்டு. எதிரியைத் தேட வேண்டிய நேரத்தில் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்ட வேண்டியிருந்தது. அவர்களில் பலர் சின்ன வயதுப் பிள்ளைகள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிரிட்டிஷ் இரட்டை எஞ்சின் விமானமான மொஸ்கிட்டோவை வடிவமைத்தவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். எஞ்சினுக்கும் விமானத்தின் உடலுக்கும் நடுவே, இறக்கையின் முன்விளிம்பிலேயே ரேடியேட்டரை வைத்தார்கள். அதில் உடலை ஒட்டிய பகுதி விமானி அறையைச் சூடேற்றுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சூடு வெகுதூரம் பயணம் போக வேண்டியதில்லை!

கேள்வி: சைலன்சர் சூட்டை அப்படியே உள்ளே திருப்பிவிட்டால் என்ன?
– எஞ்சின் மெக்கானிக், கோட்டைக்குப்பம்

பதில்: உயிர் போகும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அதனால் புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, இடையில் ஓடும் சுத்தமான காற்றைச் சூடாக்கி அனுப்புவார்கள். குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும் ஆபத்து. விரிசலைக் கண்டுபிடிக்கும் உங்கள் கண்ணுக்கு அங்கே நல்ல வேலை இருந்திருக்கும்.

கேள்வி: நம்ம ஊர் வெயிலில் ஹீட்டர் எதுக்கு?
– மீன் விற்கும் அம்மா, பழவேற்காடு

பதில்: தாழப் பறக்கிறவரைக்கும் வேண்டவே வேண்டாம் அம்மா. கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் இறங்கினால் வெந்துபோவார்கள். பசிபிக் தீவுகளில் பி-38 ஓட்டியவர்கள் அரைக்கால் சட்டையோடு பறந்தார்கள். பக்கக் கண்ணாடியை இறக்கினால் வால் பகுதி அதிரும் என்பதால் காற்றுக்கும் வழியில்லை. ஆனால் 30,000 அடிக்குப் போனால் நம் வங்கக்கடலுக்கு மேலேயும் மைனஸ் 30 இருக்கும். கீழே கம்பளி போட்டால் வியர்த்துக் கொட்டும். அந்த ஈரத்தோடு மேலே போனால் குளிர் இன்னும் கடிக்கும்.

கேள்வி: கடைசியில் பி-38இன் ஹீட்டரைச் சரிசெய்தார்களா?
– பள்ளி ஆசிரியர், பொன்னேரி

பதில்: செய்தார்கள், தாமதமாக. பின்னால் வந்த மாடல்களில் சூடு மேம்பட்டது. ஆனால் எஞ்சின் கோளாறு உட்பட வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, இங்கிலாந்திலிருந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் பி-38 சண்டைக் குழுக்கள் 1944 அக்டோபருக்குள் மஸ்டாங் விமானத்துக்கு மாறிவிட்டன. அதற்கு ஒரே எஞ்சின்தான், விமானிக்கு நேர் முன்னால்.