சுக்கு சுரண்டியதா?

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் மழை வந்தால் நிம்மதி. மற்ற ஊர்களில் மழையோடு சளியும் இருமலும் வரும் என்று பயப்படுவார்கள். எங்களுக்கு ஆடிக் காற்றுதான் பயம். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கை, சயனைடு மேடாகச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும். காற்று கிளம்பினால் அந்த மாவு தட்டிச் சுவரின் இடுக்கெல்லாம் நுழைந்து, சோற்றுப்பானை மூடிமேல் வெள்ளையாகப் படியும். நல்ல மழை ஒன்று விழுந்தால்தான் அடங்கும். "தூசு படுத்துக்கிச்சு, இனிமே மூச்சு வுடலாம்" என்று சொல்லிக்கொண்டே ஆயா அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஆயாவிடம் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்று பிள்ளைகளின் சுக்குக் காபிக்கு. தனியா, மிளகு, சுக்கு மூன்றையும் வறுத்து இடித்து, வெல்லம் போட்டுக் கொதிக்கவைப்பாள். இன்னொன்று அப்பாவின் கஷாயத்துக்கு. அதில் ஆடாதொடை இலையும் திப்பிலியும் சேரும். நாலு தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராக வற்றும்வரை அடுப்பைவிட்டு நகரமாட்டாள். சுக்கை அப்படியே போடவும் மாட்டாள். முந்தின நாளே சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, கழுவி, தோலைக் கத்திமுனையால் சுரண்டுவாள். சுக்குக்குப் புறத்தில் நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு என்பது அவள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

இரண்டாவது பாடம் எங்கள் ஊருக்கே உரியது. மேட்டின் அடிவாரத்தில் எவ்வளவு செழிப்பாகத் தழைத்திருந்தாலும் தூதுவளையையும் துளசியையும் பறிக்கக் கூடாது. "அந்த மண்ணு இன்னாத்த குடிச்சிருக்குதோ, செடியும் அதத்தான் குடிச்சிருக்கும்." இலை வேண்டுமென்றால் ஆண்டர்சன்பேட்டை சந்தைக்குப் போவாள். அதுவும் இல்லையென்றால் பேத்தமங்கலம் ஏரிப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைப்பாள். படிக்காதவள். ஆனாலும் செடி மண்ணை உறிஞ்சும் என்ற விஷயத்தில் அவள் கணக்கு தப்பவில்லை.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தோண்டிய சுரங்கம் அது. ஆழத்தில் பாறையே கொதிக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் ஆட்களை நிற்கவைத்தார்கள். வெளியே எங்கள் ஊரோ கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல்; மழைக்காலத்தில் குளிரெடுக்கும். அந்தச் சூட்டில் ஊறிய உடம்போடு மழைக்கால இரவு ஷிஃப்ட் முடித்து, தூறலில் நனைந்து வருவார். வாசலில் நுழைந்ததும் பேச்சில்லை. தம்ளர் கைக்கு வரும், குடிப்பார், அதற்கப்புறம்தான் இருமல் கொஞ்சம் இறங்கும்.

இந்த வைத்தியம் எங்கள் மக்களுக்குக் கைவந்த கலை. 1907இல் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர் பிழைப்புக்குச் சித்த வைத்தியம் பார்த்தவர். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அந்தக் காலத்திலேயே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத்துக்குப் பிழைக்க வந்த வட ஆர்க்காட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு மருந்தறிவையும் கொண்டுவந்தார்கள். அதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் இருமல் சளி இருமல் அல்ல, கல்தூசு இருமல். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் 1947இல் கோலார் தங்கவயலில்தான் பதிவானது என்று மருத்துவப் பாடநூலில் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நுரையீரலில் படிந்து தழும்பாகிப்போன அந்தத் தூசை எந்தக் கஷாயமும் கரைக்காது. இன்றுவரை அதை எடுக்க மருந்தே இல்லை. ஆடாதொடை சளியை இளக்கும், அது நிஜம்; அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே உருவானது. ஆயாவால் அப்பாவுக்கு ஒரு இரவுத் தூக்கத்தைக் கொடுக்க முடிந்தது. அதற்குமேல் கேட்க அவளுக்கு இடமே இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். மாரிகுப்பம் ஸ்டேஷன் கடைசி ஸ்டேஷன். இருட்டோடு கிளம்பும் ரயிலில் ஊரே பெங்களூருக்கு ஏறிற்று. நானும் ஏறினேன். இப்போது என் அலுவலகத்தில் ஜூன் பிறந்தால் காகிதக் கப்பில் கஷாயம் தருகிறார்கள். 2020இல் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன கலவைதான்: துளசி நாலு பங்கு, லவங்கப்பட்டை இரண்டு, சுக்கு இரண்டு, மிளகு ஒன்று. பாக்கெட்டில் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று எழுதியிருக்கிறது. குளிரூட்டிய அறையில், கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, நல்ல நுரையீரல் உள்ள பிள்ளைகள் குடிக்கிறார்கள். குடிக்கட்டும், நல்ல பானம்தான். எனக்குத்தான் முதல் மிடறு சட்டென்று இறங்குவதில்லை. இதே வாசனை எங்கள் வீட்டில் மூச்சு வாங்கும் சத்தத்தோடு சேர்ந்தே வரும்.

போன மழைக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவுக்காக அந்தப் பாக்கெட் இரண்டு எடுத்துப் போனேன். அவரும் சுரங்கத்தில் இருந்தவர்; நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்றுதான் பேசுகிறார். மேடு நனைந்து கறுத்துக் கிடந்தது, காற்றில் தூசில்லை. வெந்நீரில் கலக்கிக் கொடுத்தேன். தம்ளரை வாங்கி மூக்கருகே பிடித்து மோந்தார்.

"சுக்கு சொரண்டினதாம்மா?"

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் எழுதியிருக்கவில்லை. அவர் சிரித்தபடி தம்ளரைத் தரையில் வைத்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய ஷாஃப்ட்டின் இரும்பு இன்னும் தெரியும் தெருவைத் தாண்டி, சுக்கும் சுண்ணாம்பும் வாங்கிவர நான் குடையை எடுத்தேன்.