பெயர்தேடியார்

தமிழகத்து நகரங்களிலும், நகரமாகிக்கொண்டிருக்கும் சிற்றூர்களிலும், முதல் குழந்தையை எதிர்நோக்கியிருக்கும் இல்லங்களில் ஏழாம் மாதத்தையொட்டி ஒருவர் உருவெடுக்கிறார். அவரைப் பெயர்தேடியார் என்று அழைப்பது பொருந்தும். பெரும்பாலும் அவர் குழந்தையின் தந்தை. சில இல்லங்களில் தாய். இருவருமே பெயர்தேடியாராக வாய்த்துவிட்ட இல்லங்களில், வளைகாப்புக்கு வந்தவர்கள் வளையலோடு ஒரு பெயரையும் முன்மொழிந்துவிட்டுத்தான் பந்திக்குப் போக முடியும். குழந்தைக்கு நல்ல பெயராக ஒன்றைத் தேடுவதாக அவர் சொல்லிக்கொள்கிறார் என்றாலும், அப்பெயரைக் கேட்கும்போது மாமியார், மேலாளர், எதிர்வீட்டுக்காரர், இன்னும் பிறக்கவே பிறக்காத வகுப்புத் தோழர்கள் ஆகியோரின் முகம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே கணிப்பதில்தான் அவருடைய பொழுது கழிகிறது.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், அவர் கைப்பேசியில் எப்போதும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று முழுவதும் வீணாகப்போவது உறுதி என்று தெரிந்தும் இரண்டுக்கும் ஒரே அளவு கண்விழிப்பார். பட்டியல் பரம இரகசியமானது. குறிப்பாக ஓரகத்தி, அதாவது கணவனுடைய உடன்பிறந்தானின் மனைவி, அதே பருவத்தில் கருவுற்றிருந்தால், நகைப் பெட்டிக்குக்கூட இல்லாத காவல் அப்பட்டியலுக்கு உண்டு. பெயர் களவுபோனால் காவல் நிலையத்தில் புகார் எழுத இயலாது என்பது அவர் அறிந்ததே. ஆயினும் பிறர் கருத்தை அறியாமல் அவரால் உறங்கவும் முடியாது. ஆகவே, “தெரிஞ்சவங்க வீட்டுல கயல்னு வைக்கலாமான்னு யோசிக்கிறாங்க, உங்களுக்கு எப்படிப் படுது?” என்று அலுவலகத் தேநீர் வேளையில் மூன்றாம் மனிதர்மேல் ஏற்றிக் கேட்பார். கேட்கப்படுபவர் அவர் மனைவியின் வளைகாப்புச் சாப்பாட்டைச் சென்ற வாரம்தான் சாப்பிட்டவர் என்பதால், அந்தத் தெரிந்தவர் யார் என்று தெரிந்துகொள்வதில் எவருக்கும் சிரமம் இருப்பதில்லை.

விடைகளை அவர் பொருள்கொள்ளும் முறை தனியாக ஆராயத்தக்கது. “நல்லாருக்கு” என்று ஒருவர் இயல்பாகச் சொன்னால், அது மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொன்னது என்று கொள்வார். “நல்லாருக்கே” என்று நீட்டிச் சொன்னால், இத்தனை நாள் இவர் ரசனையைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்ற ஐயம் எழும். “நல்லாத்தான் இருக்கு” என்றால் அப்பெயர் அன்றே பட்டியலிலிருந்து நீங்கும். “உங்க இஷ்டம்” என்பது மாமியார் வாயிலிருந்து வந்தால் மட்டும் அதற்கு உரை எழுதத் தேவையில்லை.

பெயர்தேடியார் முதலில் கடக்க வேண்டியது முன்னோர் பெயர் என்னும் கோரிக்கையை. பேரனுக்குப் பாட்டனார் பெயரும் பேத்திக்குப் பாட்டியார் பெயரும் இடுவது நெடுநாள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடு இருந்த காலத்தில், அப்பெயரை ஏட்டளவில் வைத்துவிட்டு, வீட்டில் கூப்பிட வேறொரு பெயரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். இன்றைய பெயர்தேடியார் ரங்கநாயகி என்ற பாட்டியார் பெயரை நேரடியாக மறுக்கும் துணிவு அற்றவர். அவருக்குக் கைகொடுப்பது தலைப்பெழுத்து. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இட்டுக்கொள்வதே தலைப்பெழுத்து, வழக்கில் இனிஷியல், எனப்படும். தந்தையார் குமரேசனாக இருந்தால் மகள் கு. ரங்கநாயகி ஆவாள்; வருகைப் பதிவேட்டை விரைந்து வாசிக்கும் ஆசிரியர் புள்ளியை விட்டுவிட்டால் வகுப்பறை என்னவாகும் என்று அவர் தம் தாயாரிடம் மிகுந்த வருத்தத்துடன் எடுத்துரைப்பார். தாயார் அயர்வதில்லை. “அப்ப உன் பொண்டாட்டி இனிஷியலைப் போடேன்டா” என்பார். தாயின் முதலெழுத்தை இட்டுக்கொள்ளத் தமிழக அரசு இடமளித்திருப்பதால் இது சட்டப்படி செல்லத்தக்க தீர்வுதான். ஆனால் ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற வினா இப்போது இன்னும் பெரிதாக எழுந்து நிற்பதால், பெயர்தேடியார் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்.

அடுத்து வருவது சோதிடம். 27 நட்சத்திரங்களையும் நான்கு நான்கு பாதங்களாகப் பகுத்து, விளையும் 108 பாதங்களுக்கும் ஒவ்வோர் எழுத்தை உரியதாக்கி, குழந்தை பிறந்த பாதத்தின் எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பது நாம நட்சத்திர முறை. இதை வகுத்தவர்கள் தமிழ் இலக்கணத்தைக் கலந்துகொள்ளவில்லை. ஆயில்யத்துக்கு உரியவை டி, டு, டே, டோ. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு ஙகரமே உரியது. ஙகரத்தில் தொடங்கும் பெயரைக் கண்டுபிடித்த பெற்றோர் எவரும் இதுவரை தலைகாட்டியதாகத் தெரியவில்லை. தனித்தமிழ்ப் பெயரும் வேண்டும், நட்சத்திர எழுத்தும் வேண்டும் என்று நிற்கும் பெயர்தேடியார் இவ்விடத்தில் இரு பக்கமும் இடிபடுகிறார். சோதிடரோ இரக்கமுள்ளவர், பக்கத்துப் பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றோ, அந்த எழுத்துப் பெயரைக் காதில் மட்டும் ஓதிவிட்டு விரும்பியதைப் பதிந்துகொள்ளலாம் என்றோ வழிவிடுவார். திருவாதிரையில் பிறந்த பெண்ணுக்கு ஆதிரை என்று வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் இச்சித்திரத்துக்கு உரியவர்கள் அல்லர்.

எண்கணிதம், மக்கள் வழக்கில் நியூமராலஜி, இன்னும் நுட்பமான துன்பம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுத்து, பெயரின் எழுத்துகளைக் கூட்டி, வரும் தொகைக்குக் கிரகப் பலன் சொல்வது இதன் நடைமுறை. கீரோ என்ற புனைபெயரில் எழுதிய அயர்லாந்துக்காரரின் நூல்கள்வழிப் பரவிய இம்முறையில் 8 சனிக்கு உரியது என்பதால் பலரும் அதை அஞ்சுவர். கயல் என்று எழுத வேண்டிய ஆங்கில எழுத்துகளாகிய கே, ஏ, ஒய், ஏ, எல் ஆகியவற்றுக்கு முறையே 2, 1, 1, 1, 3. கூட்டினால் சரியாக 8. வகுப்பில் ‘கருவாடு’ என்று கேலி செய்வார்களோ என்ற அச்சத்தைப் பெரும்பாடுபட்டு வென்று அப்பெயருக்கு வந்து சேர்ந்தவருக்கு இது இடியாக விழுகிறது. நிபுணர் ஒரு ஏ சேர்த்து 9 ஆக்கிவிடலாம் என்கிறார். அதை முதலெழுத்தை அடுத்துச் சேர்த்தால் பெயர் காயல் என்று ஒலிக்கிறது. மீன் கைநழுவினாலும் அது நீந்தும் உப்பங்கழி கிடைத்துவிடுகிறது. இரண்டு நாள் உறக்கமின்றி அலைந்து, கட்டணத்தையும் செலுத்தி முடித்த பிறகுதான், தந்தையின் தலைப்பெழுத்தாகிய கே என்பதையும் சேர்த்துக் கூட்டினால் தொகை 10, அதாவது 1, அதாவது சூரியன், ஆகவே பழைய பெயரே போதும் என்று நிபுணர் அறிவிக்கிறார்.

பொருளும் பார்க்கப்படும், ஆனால் பெயர்ப் பட்டியல் தளங்கள் அடையாளம் தெரியாத சொற்கள் அனைத்தையும் சிவனுக்கோ விஷ்ணுவுக்கோ ஒப்படைத்துவிடுவதால் அதில் சிக்கல் குறைவு. குழந்தை வளர்ந்து அமெரிக்கா சென்றால் அங்குள்ளவர் யாழினியை யாஜினி என்பாரே என்ற கவலைக்கும் ஓர் இரவு ஒதுக்கப்படும்; குழந்தை இன்னும் மகப்பேற்று மருத்துவமனைக்கே சென்று சேரவில்லை.

முற்காலத்தவர் கவலையற்றுப் பெயர் வைத்தார்கள் என்று கருதுவது பிழை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் இட்டு எடுத்துக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்டார்கள். விலையற்ற பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. பெண்கள் பிறந்தது போதும் என்று கருதிய வீடுகளில் ஒரு பெண் போதும்பொண்ணு என்ற பெயரையே வாழ்நாள் முழுதும் சுமந்தாள். அவர்கள் அஞ்சியது எமனுக்கும் வறுமைக்கும். பெயர்தேடியார் அஞ்சுவது எதிர்வீட்டுக்கு. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஓர் இனமும் தோன்றியது. வேதாசலம் 1916இல் தம் பெயரையே மாற்றி மறைமலையடிகள் ஆனார். பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயரிட்டார். 1953 மார்ச் 5 அன்று சோவியத் தலைவர் மறைந்ததையொட்டி, அந்த மாதம் முதல் நாள் பிறந்திருந்த தம் மகனுக்கு மு. கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். ஊர் என்ன நினைக்க வேண்டும் என்று இவர்கள் பெயரின்வழி ஊருக்குச் சொன்னார்கள். அவர்கள் வைத்த துணிச்சலான பெயர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று ஊரைக் கேட்டுப் பெயர் வைக்கிறார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

பதினாறாம் நாள் வருகிறது. தொட்டில் கட்டி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை பெயர் சொல்லப்படுகிறது. பெயர் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் பெயரோடு பொருள், எழுத்துக்கூட்டல், அதில் ஏ எத்தனை என்பது வரை விளக்குவார். கேட்டவர் சாம்பார் ஆறுகிறதே என்று நிற்பார். கொள்ளுப்பாட்டி மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, நாக்கு ஒத்துழைக்காமல், குழந்தைக்குக் குட்டி என்று பெயரிட்டுவிடுவார். அடுத்த வாரத்திலிருந்து பெயர்தேடியார் உட்பட வீடு முழுவதும் அப்பெயரையே வழங்கும்.

இவர்கள்மீது சட்டம் காட்டும் பரிவு வியப்புக்குரியது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்றாலும் பெயரை அப்போதே தர வேண்டியதில்லை. 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சலுகையைப் பெயர்தேடியார் காதில் எவரும் போடாதிருப்பது நலம். அவர் பட்டியலை நீட்டினால், வாசகர்கள் முதலில் கண்ணில் பட்ட பெயரைக் காட்டி, புருவத்தை உயர்த்தாமல், எதையும் நீட்டாமல், “இதையே வச்சிருங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கவும்.