கேப்டனின் புஷ்பக விமானம்

போர்ட் பிளேரில் சொந்த விமானம் பராமரிக்கிற தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். (ஊர்ப் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. வாய்க்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.) அவரிடம் விமானம் இல்லை. மற்றபடி, பழைய விமானம் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவருக்கு உரிய எல்லாமே அவரிடம் உண்டு. தடித்த பராமரிப்புப் பதிவேடு, உதிரிபாகப் பட்டியல், விதிப்புத்தகத்தோடு தீராத வழக்கு, மனைவி கண்ணில் படாமல் மடித்து வைத்த ரசீது.

ஊரில் அவருக்குப் பெயர் கேப்டன். ஃபீனிக்ஸ் பேயில் மெரைன் டாக்யார்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படகு எஞ்சினைத் தொட்டுப் பார்க்காமலே, இருமுகிற சத்தத்தை வைத்து எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்குமா? சிலர் கோயில் கமிட்டியில் சேருவார்கள், சிலர் மொட்டைமாடியில் தோட்டம் போடுவார்கள். இவர் விமானம் போட்டார்.

அதுவும் எந்த விமானம்? புஷ்பக். பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரித்து, 1958-ல் முதன்முதலாகப் பறந்த சின்ன விமானம். அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப் ஜாடை அப்படியே இருக்கும். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, மேலே துணிப் போர்வை, 90 குதிரைத்திறன் கொண்ட நாலு சிலிண்டர் கான்டினென்டல் எஞ்சின். நூற்றைம்பதுக்கு மேல் செய்தார்கள். நாட்டின் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகள் இதில்தான் கைபழகினார்கள். ராவணன் வைத்திருந்த புஷ்பகத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னொருவருக்கு இடம் இருக்குமாம். எச்.ஏ.எல். புஷ்பகத்தில் இரண்டே பேர். இந்த இரண்டு என்கிற எண்ணிக்கைதான் பிற்பாடு கேப்டன் வீட்டில் பெரிய பிரச்சினையானது.

இளம் வயதில் சென்னையில் உறவினர் ஒருவர் தயவில் புஷ்பக் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தாராம். செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் இழுத்துச் சுற்ற, இருமி, புகைவிட்டு, எஞ்சின் உயிர்பெற்றது. நம்மவர் நெஞ்சில் அன்றைக்கு ஏறிய புகை இன்னும் இறங்கவில்லை. இன்றைக்கும் அபர்தீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் டீ குடிக்க வரும் விமானக் கம்பெனிப் பிள்ளைகள் யாராவது அகப்பட்டால், "தம்பி, நீ புரொப்பெல்லரைக் கையால சுத்தியிருக்கியா?" என்றுதான் ஆரம்பிப்பார். "இல்லை சார்" என்று பதில் வரும். கேப்டன் அந்தப் பையனை ஒரு பார்வை பார்ப்பார். அவன் ஏர்பஸ்ஸே ஓட்டினாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் பயணிதான்.

இல்லாத விமானத்துக்கு என்ன பராமரிப்பு என்று கேட்கலாம். கேட்பவர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்ததில்லை. நீளவாக்கில் கணக்குப்பிள்ளை நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் 'விடி' என்று தொடங்கும் பதிவெண். மீதி எழுத்துகளுக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார். போர்வை முதலில் பருத்தித் துணியாக இருந்தது. அந்தமானில் வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை; பருத்தி தாங்குமா? மூன்றாம் பக்கத்திலேயே அதைக் கிழித்துவிட்டு டாக்ரான் என்ற செயற்கைத் துணி போர்த்திவிட்டார். உப்புக் காற்று எஃகுக் குழாயை உள்ளேயிருந்து அரிக்கும். எனவே ஒவ்வொரு குழாயிலும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்து, துளையை அடைத்திருக்கிறார். பழைய விமானக்காரர்கள் நிஜமாகவே செய்கிற வைத்தியம்தான் அது. கேப்டன் அதைப் பேனாவால் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஒருமுறை, "இதுல மாக்னெட்டோ எத்தனை?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "ரெண்டு. பிளக்குக்குப் பொறி கொடுக்கிறது அதுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக். ஒரு மாக்னெட்டோ போனாலும் இன்னொண்ணு இழுத்துட்டு வந்துரும். மேல போய் ஓரமா நிறுத்திப் பார்க்க முடியாதுல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இடது பக்கத்து மாக்னெட்டோ போன வாரத்துலேர்ந்து சரியில்லை" என்றார். நானும் கவலைப்பட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், எந்த இடது பக்கம் என்று தோன்றியது.

பழைய விமானத்தைச் சொந்தமாக வைத்து ஓட்டும் வர்க்கம் அமெரிக்காவில் ஏராளம். அங்கே பைப்பர் கப் என்ற ஒரே வகையைப் போர்க்காலத்தை ஒட்டிய பத்தாண்டுகளில் இருபதாயிரம் வரை செய்து தள்ளினார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுகிறான். ஜூலை மாதம் விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் கூடுகிறார்கள். இறக்கைக்கு அடியில் கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். நம் நாட்டில் இந்த இனம் அரிது. பணம் இருப்பவர்கள் இல்லாமல் இல்லை. காகிதத்துக்குப் பொறுமை உள்ளவர்கள்தான் இல்லை. ஆண்டுதோறும் பறக்கத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். திருகாணியைத் திருகியது நீங்களே ஆனாலும், திருகியது சரி என்று உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக ஒரு கருவி பொருத்தினால் அதற்குத் தனி ஒப்புதல். கேப்டனுக்கு இந்த விதிகள் எல்லாம் மனப்பாடம். திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தவர்.

'முடியாது' என்று யாராவது சொன்னால் இரண்டு உதாரணங்கள் வைத்திருக்கிறார். ஒன்று, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ். 1910-லேயே சிம்சன் கம்பெனியில் தன் யோசனைப்படி விமானம் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து காட்டியவர். "ஓட்டல்காரர் பறக்கலாம், ஃபிட்டர் பறக்கக் கூடாதா?" என்பது கேப்டனின் வாதம். இரண்டாவது, பழைய டகோட்டா விமானம் ஒன்றைத் தனி ஒருவர் புதுப்பிக்கச் செய்து விமானப்படைக்குக் கொடுத்தது; அது 2018-ல் இங்கிலாந்திலிருந்து பறந்தே ஹிண்டன் தளத்துக்கு வந்து இறங்கியது. அதைக் கொடுத்தவர் தொழிலதிபர், அப்போதைய எம்.பி. என்பதை மட்டும் கேப்டன் சொல்லமாட்டார்.

ஆனால் டகோட்டா பறந்து வந்ததுபோல புஷ்பக் அந்தமானுக்கு வர முடியாது. சென்னையிலிருந்து இங்கே ஆகாய மார்க்கமாக 1,300 கிலோமீட்டருக்கு மேல். புஷ்பக் டேங்க்கை நிரப்பினால் அதில் மூன்றில் ஒரு பங்கு தாண்டினாலே பெரிது. மீதிக்கு வங்காள விரிகுடா இருக்கிறது. ஆகவே விமானம் கப்பலில்தான் வரும். இறக்கையைக் கழற்றி, மூன்று நாள், வெங்காய மூட்டைகளோடு. விமானியும் அதே கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வரலாம். பெட்ரோலும் கப்பலில்தான் வரும். இங்கே வந்து போகிற ஜெட்டுகளுக்கும் கடற்படை டோர்னியருக்கும் வேண்டியது ஏடிஎஃப்; புஷ்பக் குடிப்பது ஏவ்காஸ். அந்த ஏவ்காஸை நம் நாடு வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. அந்தச் செய்தி வந்த அன்று கேப்டன் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார். ஏன் என்று தெரியாமலே எல்லோரும் தின்றோம்.

இறங்குவதற்கு? நம் விமான நிலையத்து ஓடுதளம் கடற்படையின் ஐஎன்எஸ் உத்க்ரோஷ் தளத்தைச் சேர்ந்தது. 'ஐயா, சாயங்காலம் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற இடமா அது? இதற்கும் கேப்டனிடம் வழி இருந்தது. 2011-ல் ஜல்ஹன்ஸ் என்ற பெயரில் பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் செஸ்னா விமானம் இங்கிருந்து போய் ஹாவ்லாக் கடலில் தண்ணீரின் மேலேயே இறங்கியது ஞாபகமிருக்கிறதா? சேவை சில வருஷங்களில் நின்றுபோனது. கேப்டன் நோட்டில் மட்டும் நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டிவிட்டார்.

இத்தனை காகிதத்துக்கு நடுவே நிஜமான பொருள் ஒன்று உண்டு. சென்னைக்குப் போனபோது புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய ஆல்டிமீட்டர். உயரம் காட்டும் கருவி. மேலே சொன்ன ரசீது அதற்கானதுதான். பித்தளை விளிம்பு, கறுப்பு முகம், மூன்று முள். டெலானிப்பூர் மேட்டில் அவர் வீட்டுக் கூடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உப்பு பூக்காமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பார். முருகனுக்கும் அதற்கும் ஒரே துணி.

ஆல்டிமீட்டர் உண்மையில் அளப்பது காற்றின் அழுத்தத்தை. அழுத்தம் குறைந்தால் மேலே போய்விட்டோம் என்று அதற்கு எண்ணம். சுவரில் மாட்டிவைத்தாலும் அந்த எண்ணம் மாறாது. ஒரு மில்லிபார் குறைந்தால் முள் ஏறக்குறைய 28 அடி ஏறும். நம் பக்கத்து வானத்தில் தினமும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் கூடி, மாலை நாலு மணி வாக்கில் இறங்கும். எனவே கேப்டனின் வீடு தினமும் காலையில் தாழ்ந்து, மாலையில் எண்பது நூறு அடி மேலே போகும். காப்பி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். சிரிக்காதீர்கள். கடலில் தாழ்வு மண்டலம் உருவானால், மறுநாள் காலை பத்து மணிக்கும் வீடு கீழே இறங்காது. அதுதான் அடையாளம். 2016 டிசம்பரில், பிறகு வர்தா என்ற பெயரோடு சென்னையைப் புரட்டிப்போட்ட புயல், குழந்தையாக இந்தப் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. ஹாவ்லாக்கில் சுற்றுலாக்காரர்கள் படகில்லாமல் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். அப்போது கேப்டன் வீடு நூற்றைம்பது அடி ஏறி, இரண்டு நாள் இறங்கவே இல்லை. அதிலிருந்து ஜங்கிளிகாட் தெலுங்கு மீனவர்கள் டோங்கிப் படகை எடுக்கும் முன் அவருக்கு ஒரு போன் போடுவது வழக்கமாகிவிட்டது. "கேப்டன் சாப், ஆஜ் கர் கித்னா ஊபர் ஹை?" இன்று வீடு எவ்வளவு மேலே என்று கேட்கிறார்கள். ரேடியோ சொல்வதையும் கேட்பார்கள், இவரையும் கேட்பார்கள். பறக்காத விமானத்தின் ஒற்றைக் கருவியால் ஊருக்கு இவ்வளவு உபகாரம். பறக்கிற விமானங்கள் பலவற்றால் இவ்வளவு கூட இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த இரண்டு இருக்கை விவகாரத்துக்கு வருகிறேன். புஷ்பக்கின் மொத்த எடை அறுநூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டலாம்; அதில் விமானத்தின் சொந்த எடையே நானூறை ஒட்டிவிடும். மிச்சத்தில்தான் ஆள், எண்ணெய், சாமான் எல்லாம். நோட்டில் முதலில் இரண்டு பேர் இருந்தார்கள்: 'நான் 76, அவள் 62'. பிறகு கேப்டனுக்கு மேம்படுத்தும் நோய் வந்தது. இது பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் வருவது. ஒரு ரேடியோ வைத்தால் அதற்கு பாட்டரி வேண்டும், பாட்டரி இருந்தால் ஸ்டார்ட்டர் வைக்கலாமே, ஸ்டார்ட்டர் வைத்தால் ஆல்டர்னேட்டர் வேண்டாமா, அப்புறம் டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ், முள் கருவிகளுக்குப் பதிலாகக் கண்ணாடித் திரை. கையால் விசிறி சுற்றுவதற்காகவே காதலித்த விமானத்தில் ஸ்டார்ட்டரா என்று கேட்டேன். "வயசாகுதுல்ல" என்றார். விமானத்துக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை. கடைசியில், சுற்றிலும் கடலாயிற்றே என்று இன்னும் இரண்டு சாமான் சேர்த்தார்.

ஒருநாள் கேப்டனின் மனைவி, பால் கணக்கு எழுதுவதற்காக நோட்டைத் தப்பாக எடுத்துத் திறந்துவிட்டார். 'அவள் 62' என்பது சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே 'லைஃப் ராஃப்ட் 18, கூடுதல் டேங்க் 44' என்று இருந்தது. கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது.

"ஏங்க, அறுபத்திரண்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது? நான் அம்பத்தெட்டு."

கேப்டன் முகம் இருண்டுவிட்டது. "அய்யய்யோ. அப்ப நாலு கிலோ கூடிப்போச்சே!"

"அந்த நாலு கிலோவை உங்க வயித்துலேர்ந்து எடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா பால் கணக்கை அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதினார். மறுநாளிலிருந்து கேப்டனுக்கு மாலை பஜ்ஜி நின்றது. மூன்று மாதத்தில் 72 கிலோ. ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் குறைந்திருப்பதாகச் சொன்னார்களாம். மாத்திரையால் ஆகாததை ஒரு லைஃப் ராஃப்ட் செய்தது.

சென்ற ஆண்டு உண்மையிலேயே ஒரு சோதனை வந்தது. பழைய சிநேகிதர் ஒருவர் பெருநிலப் பகுதியிலிருந்து எழுதியிருந்தார். (இங்கே நாங்கள் 'மெயின்லேண்ட்' என்போம்.) ஒரு கொட்டகையில் புஷ்பக் கூடு ஒன்று கிடக்கிறது, எஞ்சினும் உண்டு, வேண்டுமானால் பேசி முடிக்கலாம். கேப்டன் சந்தோஷத்தில் குதிப்பார் என்று ஓடினேன். மனிதர் பெண் பார்க்க வந்த இடத்தில் சாக்குத் தேடும் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியவில்லையாம். துணி பருத்தியாகத்தான் இருக்குமாம். குழாய்க்குள் எண்ணெய் விட்டிருக்க மாட்டார்களாம். "நம்ம விமானம் இருக்கிற கண்டிஷனுக்கு இது எங்க வரும்?" என்றார். விலையைக் கேட்கவே இல்லை. விலை படியவில்லை என்று பதில் போட்டுவிட்டார்.

அவர் செய்தது சரி. அந்தக் கூடு வந்திருந்தால் துரு, வரி, கையெழுத்து, கடன் என்று ஒரு வருஷத்தில் ஆளை முடித்திருக்கும். இப்போது அவர் விமானம் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஃப்ளையிங் கிளப் மூலையிலோ, தெரிந்தவர் கொட்டகையிலோ பழைய புஷ்பக் ஏதாவது மலிவாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டால் தயவுசெய்து போர்ட் பிளேருக்கு எழுதாதீர்கள். ஆல்டிமீட்டருக்கு நல்ல ரப்பர் வாஷர் கிடைத்தால் மட்டும் எழுதுங்கள். போன மழையில் பழையது விட்டுப்போய்விட்டது.